ஒரே தேதியில் பல தினங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாள்தோறும் ‘இன்று என்ன தினம்’ என்ற குறிப்பை எழுதித் தருவது என் வேலைகளுள் ஒன்று. காலைக் கூட்டத்தில் வாசிக்கத் துணுக்கு தேடும் ஆசிரியர்கள், அலுவலகச் செய்திமடல் தொகுப்பவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். எந்தத் தினமானாலும் அதன் பெயரோடு நின்றுவிடாமல், அது ஏன் அந்தத் தேதியில் வருகிறது என்றும் கேளுங்கள். இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இருக்கிறது.

சர்வதேச தினங்களை யார் அறிவிக்கிறார்கள்? இதற்கென்று தனி அலுவலகம் இருக்கிறதா?

தனி அலுவலகம் எதுவும் இல்லை. நாம் அறிந்த சர்வதேச தினங்களில் பல, ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானமாக நிறைவேறியவை. ஓர் உறுப்பு நாடு வரைவைக் கொண்டுவரும். மற்ற நாடுகள் அதற்கு ஆதரவு சேர்க்கும். பெரும்பாலும் வாக்கெடுப்பு இல்லாமல் ஒருமனதாகவே நிறைவேறிவிடும். யோகா தினத்துக்காக 2014 டிசம்பரில் இந்தியா கொண்டுவந்த தீர்மானத்தை 177 நாடுகள் உடன் முன்மொழிந்தன. ஐ.நா.வில் உள்ள மொத்த நாடுகளே 193தான்.

யுனெஸ்கோ, உலக சுகாதார நிறுவனம் போன்ற அமைப்புகள் தங்கள் துறைக்குரிய தினங்களைத் தாங்களே அறிவிப்பதும் உண்டு. உலகக் கவிதை தினம் யுனெஸ்கோ 1999இல் அறிவித்தது. ஐ.நா.வுக்கு வெளியே மருத்துவர் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள், வணிக நிறுவனங்கள் அறிவித்துப் பரவியவையும் ஏராளம். 2006 முதல் வரும் உலகச் சிறுநீரக தினம் அந்தத் துறையின் பன்னாட்டுச் சங்கங்கள் சேர்ந்து தொடங்கியது.

ஐ.நா. அறிவித்தவை மட்டும் மொத்தம் எத்தனை? முதலில் வந்தது எது?

இருநூறுக்கும் மேல். ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போவதால், துல்லியமான எண்ணிக்கையை மனப்பாடம் செய்வதில் பயனில்லை.

தொடக்க காலத்தவை என்று இரண்டைச் சொல்லலாம். ஐ.நா. சாசனம் நடைமுறைக்கு வந்தது 1945 அக்டோபர் 24. அந்த நாளை ‘ஐக்கிய நாடுகள் தினம்’ ஆக்கும் தீர்மானம் 1947இல் நிறைவேறியது. மனித உரிமைப் பிரகடனம் பாரிஸில் ஏற்கப்பட்டது 1948 டிசம்பர் 10. அந்த நாளை மனித உரிமைகள் தினமாகக் கடைப்பிடிக்க எல்லா நாடுகளையும் பொதுச்சபை 1950இல் அழைத்தது.

ஐ.நா. அறிவித்துவிட்டால் அன்றைக்கு எல்லா நாட்டிலும் விடுமுறை விட வேண்டுமா?

வேண்டியதில்லை. தீர்மானம் நாடுகளை அழைக்குமே தவிரக் கட்டாயப்படுத்தாது. விடுமுறை விடுவது அந்தந்த நாட்டு அரசின் முடிவு. மார்ச் 8 ரஷ்யாவிலும் கஜகஸ்தானிலும் பொது விடுமுறை. பல நாடுகளில் அது வழக்கமான வேலை நாள்.

மே 1 இதற்கு நேர் எதிரான கதை. ஐ.நா. பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்ட தினம் அது. எட்டு மணி நேர வேலைக்காக 1886இல் சிகாகோவில் நடந்த போராட்டத்தை நினைவில் கொண்டு, 1889இல் பாரிஸில் கூடிய சோஷலிச மாநாடு அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது. எத்தனையோ நாடுகளில் அது பொது விடுமுறை. ஆனால் போராட்டம் நடந்த அமெரிக்காவில் தொழிலாளர் தினம் செப்டம்பர் முதல் திங்களன்று வருகிறது.

இணையப் பட்டியல்களில் ‘தேசிய காபி தினம்’, ‘தேசிய டோனட் தினம்’ என்றெல்லாம் வருகின்றன. எந்த தேசத்துக்கு?

நல்ல கேள்வி, ஆனால் கேட்பவர்கள் மிகக் குறைவு. அப்படி வருபவை பெரும்பாலும் அமெரிக்கப் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. நாட்டின் பெயரை விட்டுவிட்டு ‘தேசிய’ என்பதை மட்டும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். வாசிப்பவர் தம் நாட்டு அரசு அறிவித்ததாக எண்ணிக்கொள்கிறார். எந்த நாட்டில், எந்த அரசோ அமைப்போ அறிவித்தது என்பதையும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம் என்றால், அது இந்திய அரசு 1987 முதல் கடைப்பிடிப்பது, 1928இல் ராமன் விளைவு அறியப்பட்ட நாள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

பெயரைப் பார்த்து எதையும் அற்பம் என்று தள்ளிவிடாதீர்கள். ஜூன் முதல் வெள்ளியன்று வரும் அந்த டோனட் தினத்தை இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு 1938இல் சிகாகோவில் தொடங்கியது. முதல் உலகப்போரின்போது போர்முனைக்கே போய் வீரர்களுக்கு டோனட் பொரித்துக் கொடுத்த பெண் தொண்டர்களைச் சிறப்பிக்கத்தான் அது வந்தது.

ஒரே நாளில் எப்படி இத்தனை தினங்கள் வந்து சேர்கின்றன? மார்ச் 21க்கு மட்டும் ஏழெட்டு இருக்கிறதே!

மார்ச் 21ஐப் பிரித்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். முதலில், 1960இல் அந்த நாளில் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கறுப்பின மக்கள் எங்கே போனாலும் அனுமதிப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துக் காவல் நிலையத்தின் முன் கூடியவர்கள் மீது போலீசார் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அதனால் 1966இல் பொதுச்சபை மார்ச் 21ஐ இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான சர்வதேச தினமாக அறிவித்தது. நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு தென்னாப்பிரிக்கா அதே நாளைத் தன் மனித உரிமைகள் தினமாக, பொது விடுமுறையாக ஆக்கிக்கொண்டது. புதிய அரசியலமைப்பில் நெல்சன் மண்டேலா கையெழுத்திட்டதும் ஷார்ப்வில்லில்தான். அந்தத் தேதி 1996 டிசம்பர் 10, அதாவது மேலே ஒரு பதிலில் சொன்ன உலக மனித உரிமைகள் தினம். தென்னாப்பிரிக்க ஆட்சியிலிருந்து நமீபியா விடுதலை பெற்றதும் ஒரு மார்ச் 21தான், 1990இல்.

அடுத்து வானத்தைப் பாருங்கள். பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21இல் வருகிறது. ஈரான் முதல் நடு ஆசியா வரை பல மக்களுக்கு நவ்ரூஸ் புத்தாண்டு அன்றுதான். 2010இல் ஐ.நா. அதைச் சர்வதேச நவ்ரூஸ் தினமாக ஏற்றது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1971 முதல் மார்ச் 21ஐ உலக வனவியல் தினமாகக் கொண்டது. 2012இல் பொதுச்சபை அதைச் சர்வதேச வன தினமாக்கியது. கவிதை தினமும் இதே நாள்தான். 2025 முதல் பனிப்பாறைகளுக்கான உலக தினமும் சேர்ந்துகொண்டது.

இவற்றில் எதனோடும் தொடர்பில்லாத இன்னொரு காரணமும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் உயிரணுக்களில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருக்கும். 21, மூன்று: அதனால் மூன்றாம் மாதம் 21ஆம் நாள். மாதத்தை முன்னே எழுதும் நாட்டிலும் நாளை முன்னே எழுதும் நாட்டிலும் இந்தக் கணக்கு பொருந்தும். 2006 முதல் அந்தத் துறை அமைப்புகள் கடைப்பிடித்துவந்த நாளை, 2011 டிசம்பரில் ஐ.நா. ஏற்றது. ஆக, ஒரு துப்பாக்கிச் சூடு, ஒரு நாட்டின் விடுதலை, சூரியனின் நிலை, ஒரு குரோமோசோம் எண் ஆகிய நான்கு வழிகளும் ஒரே தேதியில் வந்து சந்திக்கின்றன.

அந்தத் தேதியில் வேறொரு தினம் ஏற்கெனவே இருக்கிறது என்று பார்த்துத் தள்ளிவைக்க மாட்டார்களா?

ஒரு தேதிக்கு ஒரு தினம்தான் என்று விதி எதுவும் கிடையாது. தேதிக்குக் காரணம் இருந்தால் அதை நகர்த்தவும் முடியாது. ஷார்ப்வில்லில் சுட்டது மார்ச் 21 என்றால் 22ஆம் தேதியில் நினைவுகூர்வதில் பொருளில்லை. நெரிசல் எப்படி இருக்கிறது என்று பார்க்க மார்ச் 20இலிருந்து எண்ணுங்கள்: 20 மகிழ்ச்சி தினம், 21 மேலே சொன்னவை, 22 உலகத் தண்ணீர் தினம், 23 உலக வானிலை தினம், 24 உலகக் காசநோய் தினம்.

ஆனால் காரணமே இல்லாமல் ஏதோ ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது வெறுமையான நாளைத் தேடலாம் என்பது என் கருத்து. நெரிசலான நாளில் வரும் சிறிய தினங்களைச் செய்தித்தாள்கள் கண்டுகொள்வதே இல்லை.

தேதியை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

நிகழ்ச்சி, ஒருவரின் பிறந்தநாள், எண்கணக்கு, பருவம் ஆகியவையே பெரும்பாலான தேதிகளுக்கு அடிப்படை. நிகழ்ச்சிக்கு உதாரணம் ஜூன் 5. ஸ்டாக்ஹோமில் மனித சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கியது 1972 ஜூன் 5; மறு ஆண்டிலிருந்து அது உலகச் சுற்றுச்சூழல் தினம். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது 1987 செப்டம்பர் 16.

பிறந்தநாளுக்கு எனக்கு மிகவும் பிடித்தது ஜூன் 14. ரத்தத்தில் ஏ, பி, ஓ என்ற பிரிவுகள் இருப்பதைக் கண்டறிந்த கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1868இல் பிறந்த நாள் அது. அதனால்தான் ரத்த தானம் செய்பவர்களின் தினமும் அன்றே வருகிறது. அவர் இல்லாமல் பாதுகாப்பாக ரத்தம் ஏற்றுவது என்பதே இல்லை. அக்டோபர் 2 காந்தியின் பிறந்தநாள் என்பதால் 2007 முதல் சர்வதேச அகிம்சை தினம் என்பது பலருக்கும் தெரியும்.

எண்கணக்குக்கு மார்ச் 21ஐ ஏற்கெனவே பார்த்தோம். மார்ச் 14 இன்னொன்று. மாதத்தை முன்னே எழுதினால் 3/14, அதாவது 3.14 என்று தொடங்கும் ‘பை’ என்ற கணித எண்ணின் தொடக்க இலக்கங்கள். 1988இல் சான்பிரான்சிஸ்கோவின் அறிவியல் காட்சியகம் ஒன்றில் லாரி ஷா என்ற இயற்பியலாளர் தொடங்கிய கொண்டாட்டம் அது. 2019இல் யுனெஸ்கோ அதே நாளைச் சர்வதேசக் கணித தினமாக அறிவித்தது. தனியார் தொடங்கிய தினம் பிறகு அதிகாரபூர்வமாவதற்கு இது நல்ல சான்று.

மகளிர் தினம் ஏன் மார்ச் 8? நியூயார்க் தொழிற்சாலையில் தீப்பிடித்துப் பெண்கள் இறந்த நாள் என்று படித்தேனே?

அந்தத் தீ விபத்து உண்மை, ஆனால் தேதி வேறு. டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தது 1911 மார்ச் 25. அதற்கு ஆறு நாள் முன்னதாகவே, மார்ச் 19 அன்று, ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் முதல் சர்வதேச மகளிர் தினம் நடந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு கோபன்ஹேகனில் கூடிய பெண்கள் மாநாட்டில் கிளாரா ஜெட்கின் இதை முன்மொழிந்திருந்தார். குறிப்பிட்ட தேதி எதுவும் அப்போது முடிவாகவில்லை.

மார்ச் 8 ரஷ்யாவிலிருந்து வந்தது. 1917இல் பெட்ரோகிராடில் பெண் தொழிலாளர்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கிய வேலைநிறுத்தம் பெரிதாகி, சில நாட்களில் ஜார் மன்னர் பதவி விலக நேர்ந்தது. அவர்கள் கடைப்பிடித்த பழைய ஜூலியன் நாட்காட்டியில் அது பிப்ரவரி 23. உலகின் மற்ற பகுதிகள் பின்பற்றிய நாட்காட்டியில் மார்ச் 8. ஐ.நா. இந்த நாளைக் கடைப்பிடிக்கத் தொடங்கியது 1975இல்தான். மார்ச் 8 என்று எழுதினால் இந்த வேலைநிறுத்தத்தையும் ஒரு வரி எழுதுங்கள். அது இல்லாமல் பூங்கொத்து மட்டும் மிஞ்சுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநீதி.

ஆசிரியர் தினம் செப்டம்பர் 5ஆ, அக்டோபர் 5ஆ? குழந்தைகள் தினம் நவம்பர் 14ஆ, 20ஆ? தேர்வில் எதை எழுதுவது?

கேள்வியில் ‘உலக’ என்று இருக்கிறதா, நாட்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5. ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரை 1966இல் அந்த நாளில் ஏற்கப்பட்டது. தினமாகக் கடைப்பிடிப்பது 1994 முதல். இந்தியாவில் 1962 முதல் செப்டம்பர் 5, சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பிறந்தநாள்.

உலகக் குழந்தைகள் தினம் நவம்பர் 20. குழந்தை உரிமைப் பிரகடனம் 1959இலும், குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இலும் அதே நாளில் ஏற்கப்பட்டன. இந்தியாவில் நேருவின் பிறந்தநாளான நவம்பர் 14, ஜப்பானில் மே 5, துருக்கியில் ஏப்ரல் 23. எல்லாமே சரி, எந்த நாட்டுக்கு என்பதைச் சொல்லாவிட்டால்தான் தவறாகிவிடும்.

அன்னையர் தினம் மட்டும் ஏன் ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் வருகிறது?

அது தேதிக்குக் கட்டுப்பட்டதல்ல, கிழமைக்குக் கட்டுப்பட்டது. அமெரிக்காவில் 1914 முதல் மே மாத இரண்டாம் ஞாயிறு. பல நாடுகள் அதைப் பின்பற்றின. பிரிட்டனில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. தாய்லாந்தில் நிலையான தேதி, ஆகஸ்ட் 12. குடும்பம் கூட வேண்டுமென்றால் ஞாயிறு வசதி. சாலை விபத்தில் இறந்தவர்களுக்கான நினைவு தினத்தையும் நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று வைத்திருக்கிறார்கள்.

கிழமையிலிருந்து தேதிக்கு மாறியதும் உண்டு. சர்வதேச அமைதி தினம் முதலில் செப்டம்பர் மூன்றாம் செவ்வாய். பொதுச்சபைக் கூட்டத் தொடர் தொடங்கும் நாள் அது. 2001இல் செப்டம்பர் 21 என்று நிலைப்படுத்தினார்கள். ஒரு நாளாவது துப்பாக்கிகள் ஓய வேண்டும் என்று உலகைக் கேட்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த நிலையான தேதி தேவைப்பட்டது.

அரிய நோய்கள் தினத்தின் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. 2008இல் அதைத் தொடங்கியவர்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் பிப்ரவரி 29ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அரிய நோய்க்கு அரிய தேதி. மற்ற ஆண்டுகளில் பிப்ரவரி 28, அதாவது எப்போதும் மாதத்தின் கடைசி நாள்.

நண்பர்கள் தினம் ஜூலை 30 என்கிறார்கள், ஆகஸ்ட் முதல் ஞாயிறு என்கிறார்கள். எது உண்மை?

இரண்டுமே. ஐ.நா. 2011இல் அறிவித்த சர்வதேச நட்பு தினம் ஜூலை 30. ஆகஸ்ட் முதல் ஞாயிறு அதற்கு முன்பிருந்தே மக்கள் வழக்கில் சில நாடுகளில் வேரூன்றியது. ஆசிரியர் தினத்துக்குச் சொன்ன பதிலே இதற்கும்.

வாட்ஸ்அப்பில் வருகிற தினம் உண்மையா, யாரோ கிளப்பிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

யார் அறிவித்தது, எந்த ஆண்டு, ஏன் அந்தத் தேதி என்று கேளுங்கள். விடை கிடைத்தால் தினம் உண்மையானது. ‘உலகம் முழுவதும் கொண்டாடப்படுகிறது’ என்று மட்டும் எழுதி, அறிவித்தவரின் பெயரே இல்லாமல் வந்தால் நான் அதைக் குறிப்பில் சேர்ப்பதில்லை. ஐ.நா. என்று சொன்னால் அதன் தளத்திலேயே முழுப் பட்டியலும் தீர்மான எண்களும் இருக்கின்றன. தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

யாரோ ஒருவர் தொடங்கியது என்பதாலேயே ஒரு தினம் பொய்யாகிவிடாது. ஜூலை 17 ஈமோஜி தினத்தை 2014இல் தொடங்கியவர் ஜெரமி பர்ஜ் என்ற தனி மனிதர். ஆப்பிள் கைப்பேசியின் நாட்காட்டிப் படத்தில் இருந்த தேதி அது. அதை அப்படியே எழுதினால் யாருக்கும் தீங்கில்லை. ஐ.நா. அறிவித்தது என்று சேர்த்து எழுதினால்தான் பொய்.

நினைவு தினத்துக்கு ‘வாழ்த்துகள்’ சொல்லலாமா? எல்லாத் தினத்துக்கும் வாழ்த்து அட்டை வருகிறதே?

கூடாது. மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் பதில் இது. ஜனவரி 27 ஆஷ்விட்ஸ் வதைமுகாம் 1945இல் விடுவிக்கப்பட்ட நாள். யூத இனப்படுகொலையில் இறந்தவர்களுக்காக ஐ.நா. 2005இல் அதை நினைவு தினமாக அறிவித்தது. அதற்குப் பூப்படம் போட்டு ‘இனிய தின வாழ்த்துகள்’ என்று ஓர் அட்டை வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அனுப்பியவருக்குத் தீய எண்ணம் இருந்திருக்காது. பெயரை மட்டும் பார்த்து, காரணத்தைப் பார்க்காமல் அனுப்பியிருப்பார்.

ஒரே தேதியில் இரண்டு வகையும் வந்துவிட்டால் இன்னும் கவனம் தேவை. ஏப்ரல் 7 உலக சுகாதார தினம்; உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் 1948இல் நடைமுறைக்கு வந்த நாள். ருவாண்டாவில் 1994இல் இனப்படுகொலை தொடங்கியதும் அதே ஏப்ரல் 7தான். ஏறக்குறைய நூறு நாட்களில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஐ.நா. 2003இல் அந்த நாளை நினைவு நாளாக்கியது. ஒரே குறிப்பில் இரண்டையும் எழுதும்போது நான் நினைவு நாளை முதலில், தனிப் பத்தியாக வைக்கிறேன்; ‘கொண்டாடுகிறோம்’ என்ற சொல்லை அந்தப் பத்தியின் பக்கமே விடுவதில்லை.

எய்ட்ஸ் தினம், புற்றுநோய் தினம் போன்றவற்றுக்கும் வாழ்த்து பொருந்தாது. ‘கடைப்பிடிக்கப்படுகிறது’, ‘அனுசரிக்கப்படுகிறது’ என்று எழுதினாலே போதும்.

ஒரே தேதி ஒரு நாட்டுக்கு வெற்றி நாள், இன்னொரு நாட்டுக்குத் துக்க நாள் என்றால் எப்படி எழுதுவது?

யாருக்கு என்ன நாள் என்று பிரித்து எழுதுங்கள். நவம்பர் 11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1918இல் காலை 11 மணிக்கு முதல் உலகப்போர் ஓய்ந்த நாள். பிரிட்டனிலும் பிரான்ஸிலும் இறந்த வீரர்களுக்கு மௌன அஞ்சலி. போலந்துக்கு அதே ஆண்டு மீண்ட விடுதலையின் நாள். அங்கோலாவுக்கு 1975இல் பெற்ற விடுதலை. அமெரிக்காவில் 1954 முதல் முன்னாள் படைவீரர் தினம். சீனாவில் நான்கு ஒன்றுகள் வரிசையாக நிற்பதால் துணையில்லாதவர்களின் நாள், இப்போது மாபெரும் விற்பனைத் திருவிழா. இவற்றை ஒரே வாக்கியத்தில் அடைத்தால் எல்லாமே கெட்டுவிடும்.

ஒரே நாட்டுக்குள்ளேயும் பிளவு உண்டு. ஜனவரி 26 இந்தியாவுக்குக் குடியரசு தினம். ஆஸ்திரேலியாவுக்கு, 1788இல் பிரிட்டிஷ் கொடி சிட்னியில் ஏறியதைக் குறிக்கும் தேசிய தினம். அந்த மண்ணின் பழங்குடி மக்களோ 1938லேயே அதைத் துக்க நாள் என்று அறிவித்துக் கூட்டம் நடத்தினார்கள்; எதிர்ப்புப் பேரணிகள் இன்றும் நடக்கின்றன. ஆஸ்திரேலிய தினம் என்று எழுதும்போது இதையும் சொல்லாமல் விடுவது பாதி உண்மை.

கிழக்கே தேதி பிறந்துவிட்டது, மேற்கே இன்னும் நேற்று. உலக தினம் எந்த நேரக் கணக்கில்?

அவரவர் ஊர் நேரக் கணக்கில்தான். கிரிபட்டி நாட்டின் லைன் தீவுகளில் கிரீன்விச் நேரத்தைவிட 14 மணி முன்னதாகத் தேதி பிறக்கிறது. அமெரிக்காவுக்குரிய, ஆளில்லாத பேக்கர் தீவில் 12 மணி தாமதமாக. இடையில் 26 மணி, அதோடு கடைசி இடத்தில் ஒரு முழு நாள். எனவே ஒரு தேதி பூமியில் எங்காவது 50 மணி நேரம் நடப்பில் இருக்கிறது. விளக்கணைக்கும் ‘பூமி நேரம்’ உள்ளூர் இரவு எட்டரைக்கு என்று வைத்ததால், அது உலகைச் சுற்றி மேற்கு நோக்கி நகர்ந்து போகிறது.

ஒரு தேதி வராமலே போனதும் உண்டு. 2011இல் சமோவா தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது டிசம்பர் 30 என்ற நாளே அங்கே இல்லை. வியாழன் 29க்கு அடுத்து சனி 31 வந்தது.

சாதாரண மனிதர் ஒருவர் கேட்டு ஒரு சர்வதேச தினம் வருமா?

வந்திருக்கிறது. டாக்காவில் 1952 பிப்ரவரி 21 அன்று வங்காள மொழிக்கு உரிமை கேட்ட மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கனடாவில் குடியேறியிருந்த ரபிக்குல் இஸ்லாம் என்ற வங்காளி, உலகின் எல்லாத் தாய்மொழிகளுக்கும் அந்த நாளை உரியதாக்க வேண்டும் என்று 1998இல் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னானுக்குக் கடிதம் எழுதினார். நாடு ஒன்று முன்மொழிந்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும் என்று தெரிந்ததும் வங்காளதேச அரசிடம் போனார். அரசு யுனெஸ்கோவில் முன்மொழிந்தது. 1999 நவம்பர் 17 அன்று ஏற்கப்பட்டது. 2000 முதல் பிப்ரவரி 21 சர்வதேசத் தாய்மொழி தினம்.

முதல் பதிலில் சொன்ன விதிதான் இங்கும்: கடிதம் தனி மனிதர் எழுதலாம், தீர்மானத்தை ஓர் உறுப்பு நாடுதான் கொண்டுவர முடியும். உங்கள் மனத்தில் ஒரு தினம் இருந்தால், ஐ.நா.வுக்கு எழுதுவதற்கு முன் உங்கள் நாட்டின் வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதுங்கள். அந்தத் தேதிதான் ஏன் என்பதற்கு அசைக்க முடியாத ஒரு காரணமும் வைத்திருங்கள்.

ஒரு தேதிக்குரிய பட்டியலை நானே தயாரிக்கிறேன். எந்த வரிசையில் எழுதுவது?

அக்டோபர் 24ஐ வைத்துச் செய்து காட்டுகிறேன். அன்று நினைவு நாள் எதுவும் இல்லை. இருந்தால் ஏப்ரல் 7க்குச் சொன்னபடி அதுதான் முதலில். எனவே தேதிக்கு மூலமான நிகழ்ச்சியை முதலில் வைக்கிறேன்: 1945இல் ஐ.நா. சாசனம் நடைமுறைக்கு வந்தது, அதனால் ஐக்கிய நாடுகள் தினம். அதைச் சார்ந்து வந்தவை அடுத்து: 1972இல் பொதுச்சபை அறிவித்த உலக வளர்ச்சித் தகவல் தினம், அதே நாளில் தொடங்கும் ஆயுதக் குறைப்பு வாரம். பிறகு நாடுகளின் தினங்கள்: 1964இல் பிரிட்டனிடமிருந்து ஜாம்பியா விடுதலை பெற்ற நாள். கடைசியாக அமைப்புகள் தொடங்கியவை: ரோட்டரி அமைப்பு முன்னெடுக்கும் உலகப் போலியோ தினம்.

ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, அறிவித்தவர், காரணம் மூன்றும் ஒரே வரியில் வந்துவிட வேண்டும். காரணம் கிடைக்காத தினத்தை நான் கடைசியில் எழுதுவதுகூட இல்லை. அடுத்த ஆண்டுக்குள் தேடிப் பார்ப்பதற்காகத் தனிக் குறிப்பேட்டில் குறித்துவைத்துக்கொள்கிறேன்.